வெள்ளை நாற்று

சுதா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உன் வாசலில் நிற்பவள் உன் அம்மா. அவளை உள்ளே விடு. அவள் வந்தால் கதவைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உன் அறைக்குள் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். இன்று ஒரு நாள் அப்படிச் செய்யாதே. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், என் கையெழுத்தில் அதுவும் வராது. அம்மா படிக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். உறையை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. இங்கிலீஷில் எழுதியிருந்தால் நீயே படித்திருப்பாய். ஆனால் நான் சொல்லப்போவதை நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். உன்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று என்று சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டேன். நேரில் வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெங்களூருக்கு மாற்றல் வந்த அன்று ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கியதும் நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தாய். "அப்பா, நீங்க என்கூட வந்துடுங்க. மீனுவுக்குத் தாத்தா நீங்க இருந்தா போதும். அம்மா இங்கயே இருக்கட்டும், அவங்க தம்பியைப் பாத்துக்கிட்டு." நான் சரி என்றேன். அன்று ஏரவாடாவில் நம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு மனம் நிறைந்திருந்தது. கட்டிய மனைவியைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. என் மகள் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்ற சந்தோஷம். உனக்குப் பயண டிக்கெட் வந்துவிட்டது, உனக்கு, மீனுவுக்கு, எனக்கு என்று மூன்று. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ தேர்ந்தெடுத்த ஆள் நான் இல்லை, சுதா. நீ மனதில் வைத்திருக்கும் அப்பாவை நானே கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லிச் செய்து கொடுத்தேன்.

உன் கணக்கு எனக்குத் தெரியும். அம்மா தன் தம்பியைக் கைவிட மனமில்லாமல் உன்னை அவனுக்குக் கட்டிவைத்தாள், அப்பா பாவம், வாயில்லாப் பூச்சி. சேகர் உன்னையும் மீனுவையும் விட்டுத் தனியாகக் கட்கிக்குக் குடிபோன பிறகும் அம்மா அவனுக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறாள் என்று தெரிந்த அன்றிலிருந்து அவளிடம் நீ பேசுவதில்லை. அந்தக் கணக்கின் முதல் வரியே தப்பு. சேகர் பேச்சை எடுத்தவன் நான். உன் காலேஜ் பஸ் நிறுத்தத்தில் நீ ஒரு மராத்திப் பையனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று எடுத்தேன். இந்த ஊரில் நம் ஆட்களை எங்கே போய்த் தேடுவது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. சேகர் கண்ணெதிரே இருந்தான், தொழிற்சாலையில் நிரந்தர வேலை, குடிப்பது கிடையாது. உன்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவன் என்பது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அம்மாதான் வேண்டாம் என்றாள். "அவன் இவளைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டவன்ங்க. இவ எப்படிங்க அவனை..." என்று பாதியில் நிறுத்தினாள். "உங்க பெரியம்மா யாரைக் கட்டினாங்க? தாய்மாமனைத்தானே? அவங்க வாழலையா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். மறுநாள் உன்னிடம் வந்து, "அம்மா ரொம்ப ஆசைப்படறா, தம்பி கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று மீனு பெரியவளாகிக் கேட்டால் விதைக் கம்பெனியில் வேலை என்று மட்டும் சொல்லிவிடாதே. முழுசாகச் சொல். ஊருக்கு வெளியே கம்பெனியின் ஆராய்ச்சிப் பண்ணையில் இருபது வருஷம் முள்ளங்கிக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தவன் நான். முள்ளங்கிப் பூவுக்கு ஒரு குணம் உண்டு. தன் மகரந்தம் தன் மேலேயே விழுந்தால் அது ஏற்காது. தூள் மேலே ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும், விதை பிடிக்காது. பக்கத்துச் செடியிலிருந்து தேனீ கொண்டுவந்தால்தான் பிடிக்கும். ஆனால் கம்பெனிக்குக் கலப்பு விதை செய்ய, வம்சம் கலக்காத சுத்தமான தாய் தகப்பன் செடிகள் வேண்டும். அதற்குச் செடியைத் தனக்குத்தானே சேரவைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் தெளிக்கிற வழி ஒன்று உண்டு, அதில் விதை குறைவாக வந்தது. எங்களுக்குக் கைகொடுத்தது மொட்டு வேலைதான். பூ விரிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மொட்டை இடுக்கியால் பிரித்து, அதே செடியில் விரிந்திருக்கும் பூவின் தூளை உள்ளே தடவி, காகித உறை மாட்டி, தேதி எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் வேலைக்கு ஆகாது. மொட்டில் அந்த மறுப்பு இன்னும் ஊறியிருக்காது, அவ்வளவுதான் சூட்சுமம். மார்கழி முழுக்க அந்த வேலை நடக்கும். பண்ணையிலேயே என் கை மாதிரிக் கை கிடையாது என்பார்கள்.

அந்த மார்கழியில் நீ பண்ணைக்கு வந்தாய். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், பத்தொன்பது வயது. தையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. எனக்குச் சாப்பாடு கொடுக்க வந்ததாகச் சொன்னாய், ஆனால் நான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்த பிறகும் நீ கிளம்பவில்லை. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் மொட்டு பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பூக்கறதுக்கு முன்னாடியே ஏம்ப்பா பிரிக்கறீங்க?"

"பூத்துட்டா ஏத்துக்காதும்மா. இப்பன்னா அதுக்கு வேணாம்னு சொல்லத் தெரியாது."

"ரெண்டு நாள் விட்டா சொல்லிடுமா?"

"கண்டிப்பா சொல்லிடும்."

"அப்ப எனக்கும் ஒரு ரெண்டு வருஷம் விடுங்கப்பா."

நீ அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "வெயில் ஏறுது, இந்த வரிசையை முடிக்கணும், நீ பஸ்ஸைப் பிடி" என்றேன். நீ எழுந்து போனாய். நான் அந்த வரிசையை முடித்தேன். ஒரு மொட்டுகூட வீணாகவில்லை.

கல்யாணத்துக்கு என்னோடு வேலை பார்த்த தேஷ்முக்கையும் அவர் மனைவியையும் கூப்பிட்டிருந்தேன். கூப்பிடாமல் இருக்க முடியாது, தினமும் அவர் ஸ்கூட்டரில்தான் பண்ணைக்குப் போய்வந்தேன். இங்கே மராத்திக்காரர் கல்யாணத்தில் தாய்மாமன்தான் பெண்ணை மணமேடைக்கு அழைத்து வருவார், தாலி ஏறும்வரை அவள் பின்னால் நிற்பார். அந்த அம்மாள் நல்ல மனசோடு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "முலீச்சா மாமா குடே?" என்று என்னிடம் கேட்டார். பெண்ணின் மாமா எங்கே என்று. பெண்ணின் மாமா பட்டு வேட்டி கட்டி மாலை போட்டு மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் என்றால் இன்னொரு அப்பா என்று நினைக்கிற ஜனங்களிடம் அதை எப்படிச் சொல்வது? "டியூட்டி. லீவு கிடைக்கலை" என்றேன். அந்த அம்மாள் உச்சுக்கொட்டி வருத்தப்பட்டார். எனக்கு நம் வழக்கத்தில் தப்பு தெரிந்திருந்தால் நிறுத்தியிருக்க வேண்டும். தப்பில்லை என்றால் நிமிர்ந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வீட்டில் வழக்கம் பேசி, வெளியே வெட்கப்பட்டேன். அப்படிப்பட்ட ஆளுக்கு முதுகெலும்பு என்று ஒன்று கிடையாது.

இனி உன் மூத்த பிள்ளை அருணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டுக் கேள். ஐந்து மாதம் ஆகியும் அவனுக்குத் தலை நிற்கவில்லை. கையைத் தூக்கினால் துணி மாதிரி விழும். அழுகைகூட ஒரு முனகல்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேகருக்கு ஷிஃப்ட், நீ வார்டில் பிள்ளையோடு இருந்தாய், அம்மா வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். தேஷ்முக் என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போகாமல், "சல, மீபண் யேதோ", வா, நானும் வருகிறேன் என்று கூடவே வந்தார். அந்த டாக்டர் சின்னப் பெண், உன்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். ஃபைலைப் பார்த்து என்னென்னவோ கேட்டுக்கொண்டே வந்தவள், பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்து, "நவரா பாயகோ நாத்யாத்லே ஆஹேத் கா?" என்று கேட்டாள். கணவன் மனைவி சொந்தக்காரர்களா? என் பக்கத்தில் தேஷ்முக் நின்றுகொண்டிருந்தார். லீவு கிடைக்காத மாமாவைப் பற்றி என் வாயால் கேட்டவர்.

"நாஹீ" என்றேன்.

அவள் விடவில்லை. "நிச்சயமாகத் தெரியுமா? சொந்தத்தில் என்றால் சொல்லுங்கள், அடுத்த குழந்தைக்கு முன்னால் மும்பைக்கு இரத்தம் அனுப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்" என்றாள். அடுத்த குழந்தைக்கு முன்னால் என்று தெளிவாகச் சொன்னாள். நான் மறுபடியும், "இல்லை, ஒரே ஊர், அவ்வளவுதான்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். வெளியே வந்து தேஷ்முக் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

ராஜி, நிறுத்தாதே. மேலே படி. உன்னிடம் நான் சொன்னது வேறு. அன்று வீட்டுக்கு வந்ததும் நீ அடுப்படியிலிருந்தே கேட்டாய், "சேகர் என் தம்பின்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா? சொந்தத்துல கட்டினா இப்படி வரும்னு பக்கத்து வீட்டு நர்ஸம்மா சொல்றாங்க." நான், "சொல்லியாச்சு, அதெல்லாம் காரணம் இல்லையாம்" என்றேன். நீ சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாய். இத்தனை வருஷமாக அந்த டாக்டரைச் சபித்துக்கொண்டிருக்கிறாயே, சொல்லியும் கவனிக்கவில்லை என்று. அவள் கவனித்தாள். இரண்டு தடவை கேட்டாள்.

சுதா, அருண் பதினோரு மாதம் இருந்தான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் கழித்து நீ உண்டானபோது என்னிடம்தான் முதலில் வந்து சொன்னாய். "இந்தத் தடவை எல்லாம் சரியா இருக்கும்ல அப்பா?" என்று கேட்டாய். அப்போதும் வாய் திறந்திருக்கலாம். ஒரு ஆட்டோ பிடித்து அந்த டாக்டரிடமே போய், அம்மா, நான் பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னைத் தூக்கிலா போட்டிருப்பாள்? "எல்லாம் நல்லபடியா நடக்கும்மா" என்றேன். மீனுவுக்கு ஒன்றரை வயதாகியும் கால் ஊன்றாதபோது நீயே வேறு டாக்டரிடம் தூக்கிப் போனாய். நானும் வந்திருந்தேன். அதே கேள்வியை அவர் உன்னிடம் கேட்டார். நீ கண்ணைத் தாழ்த்தாமல், "அவர் எங்க அம்மாவோட தம்பி" என்று இங்கிலீஷில் சொன்னாய். முதல் குழந்தையின்போதே இதைச் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இப்போதும் என் காதில் இருக்கிறது. "யாருமே எங்களைக் கேக்கலை டாக்டர்." நான் உன் நாற்காலிக்குப் பின்னால் மீனுவைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

கேட்டார்கள் சுதா. என்னைக் கேட்டார்கள்.

படிக்காத ஆள், தெரியாமல் செய்துவிட்டான் என்று நீ எனக்கு இரக்கப்பட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இதையும் எழுதுகிறேன். மூன்று நான்கு தலைமுறை தன் மகரந்தத்தையே போட்டு எடுத்த விதையை விதைத்தால் நாற்றுகள் நோஞ்சானாகத்தான் வரும். அதில் ஒன்றிரண்டு வெள்ளை வெளேரென்று முளைக்கும். பச்சையே இருக்காது. பார்க்க அழகாகக்கூட இருக்கும். விதைக்குள் இருக்கிற சத்து தீரும்வரை ஏழெட்டு நாள் நிமிர்ந்து நிற்கும், பிறகு சாய்ந்துவிடும். அந்தக் குறை தாய்ச் செடிக்குள்ளும் மறைந்திருக்கும், வெளியே தெரியாது. ஒரே வம்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும்போது வெளியே வரும். இதைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தவன் நான். குறிப்பேட்டில் 'வெள்ளை நாற்று, மூன்று' என்று எழுதிவிட்டுப் பிடுங்கிப் போட்டவன். வார்டில் அருணின் கை என் விரலைப் பிடிக்க முடியாமல் நழுவியபோது எனக்கு அது என்ன என்று தெரிந்தது. டாக்டர் கேட்கும் முன்பே தெரிந்தது. தெரிந்துதான் இல்லை என்றேன்.

மீனு பிறந்திருக்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதே. அந்த வார்த்தை என் வாயில் வராது. அவள் என்னைப் பார்த்ததும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துச் சிரிப்பாளே, அதற்காகத்தான் தினமும் இரண்டு பஸ் மாறி பாணேரில் உன் வீட்டுக்கு வந்தேன். ஆனால் என்ன நடக்கலாம் என்று தெரிந்துகொண்டு, வேண்டுமா வேண்டாமா என்று நின்று யோசித்திருக்க வேண்டியவள் நீ. அந்த இடத்தில் உனக்குப் பதிலாக நான் நின்றுகொண்டேன். உன் பத்தொன்பது வயதில் கல்யாணத்துக்கு ஒரு தடவை, இருபத்தொரு வயதில் அந்த டாக்டருக்கு முன்னால் ஒரு தடவை. சேகரையும் ரொம்பத் திட்டாதே. அக்கா புருஷன் சொன்னால் மறுபேச்சு பேசத் தெரியாதவன் அவன். அவன் ஓடிப்போனது தப்புதான். ஆனால் மீனுவின் காலைப் பார்க்கும்போதெல்லாம் தன் இரத்தம்தான் கெட்டது என்று அவன் நினைத்துக் குன்றிப்போகிறான், எனக்குத் தெரியும். அம்மா அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோவது அதனால்தான். உனக்கும் அவள்தான் கொடுத்தனுப்பினாள். நான் கொண்டுவந்த வத்தக்குழம்பும் மீனுவுக்குக் குழைத்த பருப்புச் சாதமும் நான் செய்தது இல்லை. "அப்பா, உங்க கை தேறிடுச்சு" என்று நீ சொன்னபோது சிரித்து வைத்தேன். எனக்கு அரிசி களையக்கூட வராது.

பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். மீனுவுக்குக் கை கால்தான் வலுவில்லை, மற்றதெல்லாம் புரிகிறது. அவள் இன்றைக்குத் தோசை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும், வாயைப் பிடித்துத் திணிக்காதே. பயிற்சி கொடுக்கிற பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேள். அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு 'வேணாம்' என்ற சொல்லுக்கும் நீ காது கொடு. நீயும் இனி யாரோடு வாழ்வதாக இருந்தாலும் என் முகத்தையோ ஊர் முகத்தையோ பார்த்து முடிவு செய்யாதே. அந்தப் பஸ் நிறுத்தத்துப் பையன் யார் என்றுகூட நான் உன்னிடம் கேட்டதில்லை. இப்போது கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அப்படிக் கேட்டால் நீ அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டிவரும், அந்தப் பாரம் உனக்கு எதற்கு? நீங்கள் இரண்டு பேரும் என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள், சேர்ந்து திட்டுங்கள். நான் பெங்களூருக்கு வரவில்லை. என் பெயரில் இருக்கிற டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அம்மா பெயருக்கு ஒன்று எடு. வழியனுப்ப ஸ்டேஷனுக்கும் வரமாட்டேன், மீனு என்னைத் தேடி அழுதால் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லாதே, நடந்ததை அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல். அங்கே போனதும் புது ஆஸ்பத்திரியில் காட்டுவாய். நீ ஆபீஸில் இருக்கும் நாளில் வேறு யாராவதுதான் அவளைத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். டாக்டர் பேனாவை எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்பார். பதில் சொல்லும் இடத்தில் உன் அம்மா இருக்கட்டும்.

அப்பா